என் குரலை என்ன செய்வது என்று கேட்டாய்

கதிர்,

வீட்டில் கூப்பிடும் பெயரை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கிற பெயரால் ஆரம்பித்திருக்கிறாளே, அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே. கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. இந்தப் பெயரால் ஆரம்பித்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நான் எதையும் நேராகப் போய்ச் சொல்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். உங்க அப்பாவிடம் உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கே பக்கத்து வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறவள் நான்.

ஏர்போர்ட்டில் உள்ளே போவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். "அம்மா, அந்தக் குரலை வச்சுக்கவா, அழிச்சிரவா? நீ என்ன சொல்றியோ அதைத்தான் செய்வேன்." உனக்குப் பின்னால் தள்ளுவண்டியோடு ஒரு பெரிய குடும்பமே நின்று இடித்துக்கொண்டிருந்தது. நான், "பையில புளியோதரை இருக்கு, எறங்கினதும் சாப்பிடு, கெட்டுப்போயிரும்" என்றேன். உனக்கு முகம் சுண்டிவிட்டது. போகிற போக்கில், "பதிலை எழுதியாவது அனுப்பும்மா. மெயின்லேண்ட்ல கண்காட்சி வைக்கிறப்போ அதையே சுவத்துல மாட்டிர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். சரி, மாட்டு. முன்பின் தெரியாதவர்களும் படிக்கப் போகிறார்கள் என்பதால், உனக்குத் தெரிந்த விஷயங்களையே நான் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். அம்மா புலம்புகிறாள் என்று தாண்டிப் போகாமல் படி.

போர்ட் பிளேர் ஜெட்டியில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து கப்பல் அறிவிப்புச் சொன்னதுதான் என் உத்தியோகம். ஹட் பே கப்பல், ஹேவ்லாக் கப்பல், கார் நிகோபார் கப்பல் என்று முதலில் ஹிந்தியில் சொல்வேன், அப்புறம் தமிழில், கடைசியில் பெங்காலியில். பெங்காலியை டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எதிர் வீட்டுக்காரியிடம் சண்டை போட்டே கற்றுக்கொண்டேன். எங்கள் தீவில் கப்பல் என்பது பஸ் மாதிரி வந்து போகிற விஷயமில்லை. கடல் கொஞ்சம் முறைத்தால் போதும், ரத்து. விடிவதற்கு முன்னாலேயே மூட்டை முடிச்சு, வாத்துக் கூடை, புது டிவி, கைக்குழந்தை எல்லாவற்றோடும் ஜனங்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஸ்பீக்கரில் நான் கிளம்பலாம் என்றால் கிளம்புவார்கள். நாளைக்கு என்றால் முணுமுணுத்துக்கொண்டே மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். அழுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த என் முகத்தை ஒருத்தரும் சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் குரலை எல்லோருக்கும் தெரியும். மீன் மார்க்கெட்டில் "சூரை என்ன வெலை?" என்று வாயைத் திறந்தால் போதும், பின்னாலிருந்து ஒருத்தர், "தீதி, கல் ஹட் பே வாலா ஜாயேகா?" என்பார். அக்கா, நாளைக்கு ஹட் பே கப்பல் போகுமா என்று கேட்டால் நான் எங்கே போவேன்? "உங்கம்மாவைக் கூட்டிட்டு மீன் வாங்கப் போனா ஊரே லக்கேஜைத் தூக்கிக்கிட்டுப் பின்னால வருது" என்று உங்க அப்பா சலித்துக்கொள்வார். உள்ளுக்குள் அவருக்குப் பெருமைதான்.

அந்த வேலையில் எனக்கென்று ஒரு பழக்கம் உண்டு. கடைசி அறிவிப்பு என்று சொல்லி முடித்த பிறகு கண்ணாடி வழியே வாசலைப் பார்ப்பேன். யாராவது பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தால் இன்னொரு கடைசி அறிவிப்புச் சொல்வேன். அதைக் கேட்டதும் ஏணியைத் தூக்கப் போகிற ஆள் கொஞ்சம் நிதானிப்பார். மேலதிகாரி ஒருவர், "கடைசி என்றால் கடைசிதானே, அதற்குப் பிறகு எப்படி ஒன்று வரும்?" என்று கேட்டார். "ஓடிவர்றவங்க இருக்கிற வரைக்கும் வரும் சார்" என்றேன். அவருக்கு என்னைப் பிடிக்காது.

என் சர்வீஸ் முடிகிற வருடத்தில்தான் தொண்டை கட்ட ஆரம்பித்தது. மழைக்காலம், ஜலதோஷம் என்று மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு நாள் ஹேவ்லாக் கப்பலுக்கு மைக்கை அழுத்திப் பேசினால் வெறும் காற்று வந்தது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ஒரு ஒயரை விட்டுத் திரையில் காட்டினார்கள். குரல் நாணில் ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. டாக்டர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். டாக்டர்கள் மரியாதையாகப் பேசினால்தான் எனக்குச் சந்தேகம் வரும். மெயின்லேண்ட் போய் ஆபரேஷன் செய்துவிடுங்கள், எடுத்ததைச் சோதித்த பிறகுதான் என்னவென்று சொல்ல முடியும் என்றார். வீட்டுக்கு வந்து எல்லாப் பாத்திரத்தையும் எடுத்துப் போட்டுத் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்து வைத்ததையும் சேர்த்துத் தேய்த்தேன். உனக்கு போன் செய்தது உங்க அப்பா.

நீ அடுத்த ப்ளைட்டில் வந்து இறங்கினாய். அழுவாய் என்று நினைத்தேன். நீ பையைத் திறந்து ஒரு கம்ப்யூட்டரையும் மைக்கையும் எடுத்து வைத்தாய். "அம்மா, ஆபரேஷனுக்கு முன்னாடி உன் குரலைப் பதிவு பண்ணணும். நெறையப் பேசணும். அப்புறம் மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தா அது உன்னை மாதிரியே எதை வேணாலும் பேசும்" என்றாய். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "நான் போறதுக்கு முன்னாடியே திவசம் பண்ண வந்துட்டியா?" என்று கத்தினேன். கத்தவும் முடியவில்லை, பாதி காற்றாகப் போயிற்று.

கண்காட்சிக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவன் சின்ன வயதிலேயே இப்படித்தான். செத்த சங்கு நண்டை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்து, திரும்ப உயிர் வருமா என்று காத்துக்கொண்டிருப்பான். நாற்றம் தாங்காமல் நான் தூக்கிப் போட்டால் இரண்டு வேளை சாப்பிட மாட்டான். பெரியவனாகி ஓவியம் படிக்கிறேன் என்று போனான். பூ, படகு, சூரியன் என்று ஏதாவது வரைவான், ஹாலில் மாட்டலாம் என்று நாங்கள் காத்திருந்தோம். இவன் கண்ணாடிப் பெட்டிக்குள் ரொட்டியில் பூஞ்சணம் வளர்த்துக் காட்டினான். அப்புறம் வைத்த கண்காட்சியில் ஆளே இல்லாத ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று பம்பு வைத்து மூச்சு விட்டது. மனிதனுக்குச் சாவு வராமல் விஞ்ஞானம் தடுத்துவிட்டால் அப்புறம் என்ன ஆகும், அதுதான் என் கேள்வி என்று எங்களுக்கு விளக்கினான். ராமநாதபுரத்துச் சொந்தக்காரர்கள் பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால் கம்ப்யூட்டர் சைடு என்று சொல்லிவைத்தேன். ஊரில் எத்தனையோ விஷயம் இருக்க, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் எப்போதும் சாவைப் பற்றிய நினைப்பு என்று எனக்கு விளங்கவே இல்லை.

அன்றைக்கு நீ பதிலுக்குக் கத்தவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குப் பயமா இருக்கும்மா. பயம் வந்தா நீ பாத்திரம் தேய்ப்பே. எனக்கு இதுதான் தெரியும்" என்றாய். பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்த எனக்கு அதற்கு மேல் சண்டை போட வரவில்லை. ஜன்னலுக்கெல்லாம் போர்வையைக் கட்டி, ஃபேனை நிறுத்திவிட்டு என்னை உட்கார வைத்தாய். வேர்த்துக் கொட்டியது. நடுவில் எதிர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் முதலிலிருந்து தொடங்கச் சொன்னாய். குரல் தேறியிருந்த நேரமாகப் பார்த்து, பேப்பரில் வந்த செய்தி, சமையல் குறிப்பு, கப்பல் அறிவிப்பு எல்லாம் படித்தேன். "இப்போ கோபமா ஒரு தடவை, சந்தோஷமா ஒரு தடவை" என்பாய். கோபம் சுலபமாக வந்தது. ஆபீஸில் பழைய அறிவிப்புகளின் பதிவு இருந்ததையும் கேட்டு வாங்கி வந்து சேர்த்துக்கொண்டாய். கடைசி நாள், எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்திருக்கப் போனபோது, "ஒண்ணே ஒண்ணும்மா. என்னை வீட்டுல கூப்பிடுற மாதிரி ஒரு தடவை கூப்பிடு" என்றாய். நான் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுடா, போதும்" என்று சொல்லித் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். நீயும் பாவம், வெந்நீர் வைத்துக் கொடுத்தாய். அன்றைக்குத் தொண்டை வலிக்கவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது.

மெயின்லேண்டில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு முடிவு வரும் வரைக்கும் காத்திருந்தோமே, அதுதான் பெரிய தண்டனை. வாழ்நாள் முழுதும் ஊரையே காக்க வைத்தவள் நான். "அடுத்த அறிவிப்பு வரும் வரை காத்திருக்கவும்" என்ற ஒரு வரியை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. டாக்டர் வந்து, "பயப்பட ஒண்ணுமில்லம்மா, சாதாரணக் கட்டிதான். எடுத்தாச்சு, அவ்வளவுதான்" என்றபோது நான் நம்பாமல் கையால் மறுபடி சொல்லச் சொல்லி ஜாடை காட்டினேன். மறுபடி சொன்னார். உங்க அப்பா எழுந்து வெளியே போனார். எங்கே போனார் என்று பார்த்தால் கேன்டீனில் ஒரு தட்டு நிறைய வடை வாங்கி, வராந்தாவில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனிதர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நீ அப்பா பக்கத்தில் போய் நின்று ஒரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாய். நான் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். உயிரோடு இருப்பது அவ்வளவு ருசியாக எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

பேசக் கூடாது என்று சொன்ன நாட்கள் முடிந்து முதல் வார்த்தை பேசியபோது வந்தது என் குரல் இல்லை. கரகரவென்று, தாழ்ந்து, நடு நடுவே அறுந்துபோகிற யாரோ ஒருத்தியின் குரல். "யாரு பேசுறது?" என்று உங்க அப்பா வேடிக்கைக்குக் கேட்டார், என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். இனிமேல் இப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். உயிருக்கு முன்னால் குரல் என்ன பெரிய விஷயம் என்று எல்லோருக்கும் சொன்னேன். எனக்கும் சொல்லிக்கொண்டேன். மறுபடி மைக்குக்குப் போகவே இல்லை. லீவிலேயே சர்வீஸ் முடிந்தது.

பிறகு நீ ஜெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய கிடங்கைக் கேட்டு வாங்கி உன் கண்காட்சியை வைத்தாய். உடைத்த கப்பலிலிருந்து வந்த பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, கிடங்கையே பயணிகள் அறையாக மாற்றியிருந்தாய். வருகிறவர்களுக்கு ஊதா நிறத்தில் ஒரு டிக்கெட். மேலே ஸ்பீக்கர். அதில் நான் பேசுகிறேன். "பயணிகள் கவனத்திற்கு. மூப்பில்லாத ஊருக்குச் செல்லும் கப்பல் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். வழியில் புது இதயத்திலும் புது நுரையீரலிலும் நின்று செல்லும். உடம்பைக் கொண்டுவர இயலாதவர்கள் நினைவை மட்டும் கொண்டு வரலாம்." நான் சொல்லாத வார்த்தைகள். ஆனால் 'கவனத்திற்கு' என்பதில் நான் கொஞ்சம் இழுப்பேனே, அந்த இழுப்பு அப்படியே இருந்தது. ஒரு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். ஸ்பீக்கரில் பேசுகிறவளுக்கு இருமல் இல்லை, களைப்பு இல்லை, மூச்சு வாங்கவில்லை. சொன்னால் சிரிப்பாய், எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. நான் போன பிறகும் இவள் இப்படியே பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது பேயின் பேச்சைக் கேட்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போனதும் இதை அழித்துவிடச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெஞ்சிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததை நீ கண்காட்சியில் சொல்ல மாட்டாய், வெட்கப்படுவாய். நான் சொல்கிறேன். கடல் சரியில்லை என்று ஹட் பே கப்பல் காலையிலிருந்து கிளம்பாமல் நின்றது. ஜனங்கள் ஜெட்டியில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நீ புழுக்கம் தாங்காமல் கிடங்கின் பெரிய கதவைத் திறந்துவிட்டாய். உன் மெஷினின் ஹிந்தி அறிவிப்பு வெளியே போயிற்று. எங்கள் ஆட்களுக்கு, "யாத்ரீகண், த்யான் தீஜியே" என்று கவனிக்கச் சொல்லும் வரியும், கப்பல் புறப்படப் போகிறது என்பதும் காதில் விழுந்தால் போதும், எந்த ஊருக்கு, எந்த நூற்றாண்டுக்கு என்றெல்லாம் நின்று கேட்க மாட்டார்கள். "தீதி திரும்ப வந்துட்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். வாத்துக் கூடை, கட்டில் சட்டம், அரிசி மூட்டை, குழந்தை குட்டி எல்லாம் உன் கண்காட்சிக்குள் நுழைந்தது. பெஞ்செல்லாம் நிறைந்தது. கப்பல் டிக்கெட்டை உன்னிடம் நீட்டிக் கிழிக்கச் சொன்னார்கள். நீ ஊதா டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாயே, அந்த முகத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா கடல் அடங்க வேண்டும்? ஜெட்டியில் என் இடத்துக்கு வந்திருக்கிற பெண் நிஜமான ஹட் பே கப்பலுக்கு அறிவிப்புக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். இங்கே ஒருத்தரும் அசையவில்லை. கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. நான் எழுந்து கையைத் தட்டி, "இது கப்பல் இல்ல, கண்காட்சி. ஜெட்டிக்குப் போங்க, ஏணியைத் தூக்கிருவாங்க" என்று கத்தினேன். கட்டில் சட்டத்தோடு நின்ற ஒரு தமிழ் ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யம்மா, ஸ்பீக்கர்ல அக்காவே சொல்லிருச்சு. நீங்க ஏன் நடுவுல கெளப்பிவிடுறீங்க?"

"நாந்தாய்யா அந்த அக்கா!"

"அக்கா குரல் எங்களுக்குத் தெரியாதா? சும்மா இரும்மா."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உன் பக்கம் திரும்பி, "டேய், டைப் அடி. நான் சொல்றதை அப்படியே டைப் அடி" என்றேன். நீ கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாய். என் ஓட்டைக் குரலில் நான் சொல்லச் சொல்ல, தலைக்கு மேலே ஸ்பீக்கரில் என் பழைய குரல் கணீரென்று ஒலித்தது. "ஹட் பே செல்லும் பயணிகள் உடனே ஜெட்டி வாசலுக்குச் செல்லவும். அவசரப்பட வேண்டாம். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும்." ஹிந்தியிலும் ஒரு தடவை. மூட்டைகள் எழுந்தன, வாத்துகள் கத்தின, நொடியில் கிடங்கு காலியாகிவிட்டது. ஒரு பெங்காலி அம்மாள் மட்டும் வாசலில் நின்றாள். இதெல்லாம் என்ன கப்பல் என்று அவள் கேட்க, சாவே வராத ஊருக்குப் போகிற கப்பல் என்று நீ ஹிந்தியில் சொன்னாய். அவள் ரொம்ப அக்கறையாக, "வாபஸ் கா டிக்கெட்?" என்றாள். திரும்பி வர டிக்கெட் உண்டா என்று. நீ, இல்லை என்றாய். "தோ ரஹ்னே தோ, பேட்டா" என்றாள், அப்படியானால் வேண்டாம் மகனே என்று. வாத்துக் கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடினாள். இந்தத் தடவை நடுவில் அந்த அழுக்குக் கண்ணாடி இல்லாமல் வாசலைப் பார்த்தேன். அவள் இன்னும் பாதி வழியில்தான் இருந்தாள். "டேய், இன்னொரு கடைசி அறிவிப்பு போடு" என்றேன். போட்டாய். ஏணிக்காரர் தலையைத் திருப்பிப் பார்த்துக் காத்திருந்தார். அவள் ஏறிவிட்டாள். நாம் இரண்டு பேரும் காலிப் பெஞ்சில் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு இருமல் வந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது.

எனக்குள் இறுகிக் கிடந்தது அன்றைக்குத்தான் தளர்ந்தது. அவள் பேய் இல்லை, எனக்குப் போட்டியும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்தால் சொல்கிறாள். கப்பலைப் பிடிக்க வைக்கிறாள். உன் வேலையும் அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. நீ சாவைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுகிற கப்பல் எங்கே போகிறது என்று கேட்கிறாய். கேள். ஆனால் அந்த அம்மாள் கேட்டதையும் சேர்த்துக் கேள். எதிர்காலத்தில் அது வரும் இது வரும் என்று விஞ்ஞானிகள் சொல்வதை நீ அறிவிக்கும்போது ஜெட்டியில் நாங்கள் சேர்க்கிற வரியையும் சேர்த்துக்கொள்: கடல் நிலவரத்தைப் பொறுத்து. தெரியாத நேரத்தைத் தெரிந்த மாதிரிச் சொல்லாதே. அதற்கு ஜனங்கள் மன்னிக்கவே மாட்டார்கள்.

அதனால் என் பதில், குரலை அழிக்காதே. வைத்துக்கொள். நான் இருக்கும்போதும் இல்லாதபோதும் அவள் எத்தனை கப்பலுக்கு வேண்டுமானாலும் அறிவிப்புச் சொல்லட்டும். ஒரே ஒரு நிபந்தனை இருக்கிறது. அதற்கு உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சுனாமிப் பேரலை வந்த வருடம் நீ ரொம்பச் சின்னப் பிள்ளை. தெற்குத் தீவுகளிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். உறவுக்காரர்கள் என் கண்ணாடிக்கு முன்னால் நின்று பெயரைச் சொல்லுவார்கள். நான் மைக்கில் சொல்வேன். இன்னார் எங்கிருந்தாலும் வாசலுக்கு வரவும், உங்கள் வீட்டார் காத்திருக்கிறார்கள் என்று. சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்ப்பேன். யாராவது கையைத் தூக்குகிறார்களா, யாராவது ஓடிவருகிறார்களா என்று. சில பெயர்களுக்கு ஓடிவந்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நிறையப் பெயர்களுக்கு யாரும் வரவில்லை. மறுபடி சொல்லச் சொல்வார்கள், மறுபடி சொல்வேன், மறுபடி பார்ப்பேன். ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் டெலானிபூர் மேட்டில் ஏறி வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உன் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். நீ உள்ளேயிருந்து, "என்னம்மா?" என்பாய். ஒன்றுமில்லை என்பேன். கை கழுவிவிட்டு மறுபடி கூப்பிடுவேன். "என்னம்மா?" என்பாய். ஒன்றுமில்லை. விளையாட்டு என்று நினைத்து நீ சிரிப்பாய். அந்த "என்னம்மா"வைக் கேட்டுத்தான் மறுநாள் வேலைக்குப் போனேன்.

அன்றைக்குப் போர்வை கட்டிய அறையில் நீ கேட்டபோது அந்தப் பெயர் வாயில் வரவில்லை. காரணம் இப்போதுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது. உன் மெஷின் நன்றாகவே சொல்லும். ஆனால் சொல்லிவிட்டு அது வாசலைப் பார்க்காது. நீ "என்னம்மா" என்றாலும் அதற்குக் கேட்காது, சொல்லாவிட்டாலும் கவலைப்படாது. கப்பல் பெயரை அப்படிச் சொல்லலாம், ஊர்ப் பெயரைச் சொல்லலாம். உன் வீட்டுப் பெயரை அப்படிச் சொல்லக் கூடாது. அதுதான் என் நிபந்தனை. நான் போன பிறகு உனக்கு என்றைக்காவது தாங்க முடியாமல் போகும், ஒரே ஒரு தடவை டைப் அடித்துப் பார்க்கலாம் என்று தோன்றும். அடிக்காதே, ராசா. உங்க அப்பா தோட்டத்தில் இருப்பார், போய் அவரிடம் உட்கார்ந்து பேசு. இல்லையென்றால் பாத்திரம் தேய்.

அந்தப் பெயரை இந்தக் கடிதத்தில் நான் எங்கேயும் எழுதவில்லை. எழுதினால், சுவரில் படிக்கிற எவனாவது விளையாட்டாக மெஷினில் போட்டுச் சொல்ல வைத்துவிடுவான். உங்களுக்குத்தான் சொல்கிறேன், படிக்கிறவர்களே. தேடாதீர்கள்.

இப்போதெல்லாம் மீன் மார்க்கெட்டில் நிம்மதியாகப் பேரம் பேசுகிறேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிப்பிகாட்டுத் தோட்டத்தில் உங்க அப்பா நட்ட வாழை குலை தள்ளியிருக்கிறது. அடுத்த தடவை ப்ளைட் வேண்டாம், கப்பலில் வா. ஜெட்டி வாசலில் நிற்பேன். நீ இறங்குவது தெரிந்ததும் கூப்பிடுவேன். கூட்டத்தில் இந்தக் கரகரத்த குரல் எடுபடாது, முதல் தடவை உனக்குக் கேட்காது. பரவாயில்லை. நீ திரும்பிப் பார்த்து "என்னம்மா" என்று சொல்லும் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

அம்மா